அரசாங்கத்தின் முகம் கொண்ட மனிதர்

"அரசியல்வாதிக்கு நடிப்பு சொல்லித் தரணுமாக்கும்?" எங்கள் மாமா அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. டிவியில் 'அங்காடித் தெரு' ஓடும்போது, துணிக்கடை முதலாளியாகப் பழ. கருப்பையா வந்தால் சொல்வார். 'சர்கார்' படத்தில் அதே மனிதர் முதலமைச்சராக வந்தபோதும் சொன்னார். 'எல்.கே.ஜி.'யில் நாஞ்சில் சம்பத் கதாநாயகனின் அப்பாவாக வந்தபோது கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். வீட்டில் எல்லோரும் தலையாட்டுவோம். மாமா இளவயதில் கட்சிக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் சைக்கிள் மிதித்துப் போய், நள்ளிரவு தாண்டியும் பேச்சுக் கேட்டவர். நம்பியவர், பிறகு மனம் விட்டுப் போனவர். அதனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் எனக்கு அந்த வாக்கியம் செரிக்கவே இல்லை. மேடையில் பொய் சொல்லிப் பழகியவனுக்குத் திரையில் பொய் சொல்வது சுலபம் என்பதுதானே அதன் பொருள்? அப்படியானால் கேமரா முன் நின்ற அரசியல்வாதிகள் அத்தனை பேரும் நன்றாக நடித்திருக்க வேண்டும். நடக்கவில்லையே. ஒரு காட்சிக்குத் தலைகாட்டிவிட்டுப் போகும் தலைவர்களைப் பாருங்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். ஐயாயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரலை, எதிரே இரண்டடி தூரத்தில் நிற்கும் ஒருவருக்காக இறக்கத் தெரியாது. எதிராளி பேசும்போது கேட்கவும் தெரியாது, தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பது முகத்திலேயே தெரியும். அப்படியிருக்க, வெகு சிலருக்கு மட்டும் அது கைகூடுகிறது என்றால், அவர்களுக்குக் கைகூடியது பொய்யா, வேறு ஏதாவதா?

நம் ஊரில் பாதை சினிமாவிலிருந்து கோட்டைக்குத்தான் போகும். 1962இல் தேனியில் எஸ்.எஸ். ராஜேந்திரன் ஜெயித்ததிலிருந்து அந்தப் பாதையில் புல் முளைக்க நேரமே கிடைக்கவில்லை. திரும்பி வரும் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. அதனால்தான் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் மனம் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக்காரர் ஒருவரிடம் போய் நிற்கிறது: ஃபிரெட் தாம்சன். வழக்கறிஞர், பிறகு நடிகர், பிறகு செனட்டர் என்னும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர், பிறகு மறுபடி நடிகர், பிறகு ஜனாதிபதி வேட்பாளர், கடைசியாக மறுபடியும் நடிகர்.

பெயர் தெரியாவிட்டாலும் அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'பேபிஸ் டே அவுட்' இந்தியாவில் ஓடிய ஓட்டம் தெரியும்தானே. காணாமல் போன குழந்தையைத் தேட வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஞாபகம் இருக்கிறதா? ஆறரை அடிக்குச் சற்றே குறைந்த உயரம், கனத்த தாடை, வழுக்கை, அவசரமே இல்லாத குரல். அவர்தான். 'டை ஹார்ட்' இரண்டாம் பாகத்தில் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையின் தலைவராக வருவார். 'இன் தி லைன் ஆஃப் ஃபயர்' படத்தில் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி. 'நோ வே அவுட்'டில் சி.ஐ.ஏ. இயக்குநர். ஹாலிவுட்டுக்கு அரசாங்கம் என்ற ஒன்றுக்கு முகம் தேவைப்பட்டபோதெல்லாம் இவரைக் கூப்பிட்டது.

### வெள்ளிக்கிழமையே தெரிந்த பதில்

அந்த முகத்தை அமெரிக்கா முதலில் பார்த்தது சினிமாவில் இல்லை, செய்தியில். 1973 ஜூலை 16, திங்கட்கிழமை. ஜனாதிபதி நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததும் அது மூடிமறைக்கப்பட்டதுமான வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழுவின் நேரடி ஒளிபரப்பு. குழுவிலிருந்த குடியரசுக் கட்சியினரின் வழக்கறிஞராக, முப்பது வயதுத் தாம்சன் நீண்ட கிருதாவோடு உட்கார்ந்திருக்கிறார். பழைய கார் விற்பவரின் மகன். பதினேழு வயதில் கல்யாணம், படித்துக்கொண்டே வேலை, வழக்கறிஞர் பட்டம். டென்னசி செனட்டர் ஹோவர்ட் பேக்கரின் தேர்தல் வேலையைப் பார்த்தவர் என்பதால் பேக்கரே அவரை வாஷிங்டனுக்கு அழைத்து வந்தார். சாட்சிக் கூண்டில் நிக்சனின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட். ஜனாதிபதியின் ஓவல் அலுவலகத்தில் ஒலிப்பதிவுக் கருவிகள் ஏதேனும் பொருத்தப்பட்டது உங்களுக்குத் தெரியுமா என்று தாம்சன் கேட்கிறார். பட்டர்ஃபீல்ட் ஒரு கணம் தயங்கி, தெரியும் ஐயா என்கிறார். ஜனாதிபதி அறையில் பேசியது நாடாவில் பதிவாகியிருக்கிறது என்று காட்டிய அந்த ஒரு பதிலில்தான் நிக்சனின் ஆட்சி சரியத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி விலகினார்.

அந்தப் பதிவைப் பார்க்கும் எவருக்கும், கேள்வி கேட்டவர் அப்போதுதான் ஒரு பூட்டைத் திறந்துவிட்டார் என்று தோன்றும். உண்மையில் அந்தப் பதில் முந்தைய வெள்ளிக்கிழமையே குழுவின் ஊழியர்களுக்குத் தெரியும். மூடிய அறையில் நடந்த முன்விசாரணையில் பட்டர்ஃபீல்ட் அதைச் சொல்லிவிட்டார். தாம்சனுக்கும் தெரியும். அது மட்டுமா, வார இறுதியில் வெள்ளை மாளிகையின் வழக்கறிஞருக்கு அவரே தகவல் சொல்லி எச்சரித்துமிருந்தார். இதைப் பிற்காலத்தில் தன் புத்தகத்தில் அவரே எழுதினார். நிக்சனோ, பிறகு வெளியான ஒலிநாடாக்களில், இந்த இளைஞனை அறிவு போதாதவன், ஆனால் நமக்கு வேண்டியவன் என்ற ரீதியில் பேசியிருக்கிறார். கட்சி விசுவாசம் ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். திங்கட்கிழமை கேள்வியைக் கேட்டவர் இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் கேட்டார். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, நடிப்புதானே அது?"

நான் அப்படிப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது எந்த ஊர் வக்கீலுக்கும் சீனியர் சொல்லித் தரும் பாடம். தெரிந்த பதிலைக் கூண்டிலிருப்பவர் வாயால் முதல்முறையாக வரவைப்பது ஒரு தொழில். அதற்கு, கேட்டுவிட்டு அமைதியாக இருக்கத் தெரிய வேண்டும். தாம்சன் அந்த இடத்தில் பதிலுக்காகக் காத்திருக்கிறார். குரலை ஏற்றவில்லை, புருவத்தை உயர்த்தவில்லை, கேமரா பக்கம் திரும்பவில்லை. எதிராளி பேசட்டும் என்று விடுகிறார். பதில் வந்ததும் அதே குரலில், அந்தக் கருவிகள் எப்போது பொருத்தப்பட்டன என்று அடுத்த கேள்விக்குப் போகிறார். பின்னாளில் திரையில் அவர் செய்ததெல்லாம் இதைத்தான். எனவே அவர் நடிப்பை அரசியலில் கற்றார் என்று சொன்னால்கூட, எந்த அரசியலில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரச்சார மேடையில் கற்கவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய விசாரணை மேசையில் கற்றார்.

நடிப்பு அவரைத் தேடி வந்த விதமும் அப்படித்தான். 1977இல் மேரி ராகியாண்டி என்ற பெண்மணியின் வழக்கை அவர் எடுத்தார். டென்னசியின் பரோல் வாரியத் தலைவியாக இருந்தவர் மேரி. ஆளுநர் ரே பிளாண்டனின் ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு கைதிகளை விடுவிக்கச் சொன்னதற்கு உடன்படாததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். தாம்சன் வாதாடி அவருக்கு வேலையையும் பாக்கிச் சம்பளத்தையும் திரும்பப் பெற்றுத் தந்தார். அந்தக் கதை புத்தகமாகி, 1985இல் சிஸ்ஸி ஸ்பேசெக் நடிக்க 'மேரி' என்ற படமானது. இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன் தகவல் திரட்ட நாஷ்வில் நகருக்குப் போய்த் தாம்சனைச் சந்தித்தவர், வக்கீல் வேடத்தை நீங்களே செய்யுங்களேன் என்று கேட்டுவிட்டார். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வக்கீல், தான் வாதாடிய வழக்கைக் கேமரா முன் மறுபடி வாதாடினார். படத்தில் அவர் பெயரும் ஃபிரெட் தாம்சன்தான். அடுத்த படத்துக்கும் டொனால்ட்சனே கூப்பிட்டார், அதில்தான் சி.ஐ.ஏ. இயக்குநர் வேடம். அப்புறம் வாய்ப்புகள் நிற்கவேயில்லை.

அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1990இல் வந்த 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்'. அலெக் பால்ட்வின் சி.ஐ.ஏ. ஆய்வாளர். விமானந்தாங்கிக் கப்பலுக்கு வருகிறார், கடற்படைச் சீருடை போட்டிருக்கிறார். இவன் எதற்கு நம் சீருடையைப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று ஒரு அதிகாரி எரிச்சல் படுகிறார். அட்மிரல் பெயின்டராக வரும் தாம்சன் உடனே பதில் சொல்வதில்லை. பிறகு, அந்தப் பையன் கடற்படைக் கல்லூரியில் படிக்கும்போது ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியதை, கூட இருந்தவர்கள் செத்ததை, மாதக்கணக்கில் அவன் படுக்கையில் கிடந்ததை, நடக்கவே மறுபடி கற்றுக்கொண்டதை, கடைசி ஆண்டுப் படிப்பை ஆஸ்பத்திரியிலிருந்தே முடித்ததை, கோப்பில் இருப்பதைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முடித்ததும், உன் இஷ்டம், ஆனால் அவனிடம் கொஞ்சம் தணிந்து போகலாமே என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான். அனுதாபத்தைக் குரலில் ஏற்றவில்லை. அதட்டவில்லை. அந்த அதிகாரி வாயடைத்துப் போவதற்குக் காரணம், சொல்பவர் தனக்கு மேலதிகாரி என்பது மட்டுமில்லை, அந்தப் பையனின் கோப்பைப் படித்திருக்கிறார் என்பதும்தான். அதிகாரத்தில் இருந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவருக்குத்தான் இது தெரியும். நிஜமான அதிகாரம் உள்ளவர் கத்துவது அபூர்வம்.

### வாடகை லாரியும் வாடகையில்லாத முகமும்

1994. அல் கோர் துணை ஜனாதிபதியானதால் காலியான செனட் இடத்துக்குத் தேர்தல். தாம்சன் நின்றார். இதற்கு முன் அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எதிரே ஜிம் கூப்பர், நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர், நன்கு தயாரானவர். தாம்சனின் பிரச்சாரம் ஆரம்பத்தில் சோர்ந்து கிடந்தது. பிறகு அவர் கோட்டைக் கழற்றி, ஜீன்ஸும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த ஒரு சிவப்பு செவர்லே பிக்கப் லாரியில் மாநிலம் முழுக்கச் சுற்றக் கிளம்பினார். கூட்டம் சேர்ந்தது. வாஷிங்டனில் கம்பெனிகளுக்காக அரசாங்கத்திடம் பரிந்து பேசி ஆண்டுக்கணக்கில் லாபி செய்தவர், விலையுயர்ந்த செருப்பும் வெளிநாட்டுத் தண்ணீருமாக வாழ்ந்தவர், இப்போது விவசாயி வேஷம் கட்டுகிறாரே என்று கூப்பர் தாக்கினார். எடுபடவில்லை. அறுபது சதவீத வாக்குகளோடு தாம்சன் ஜெயித்தார். 'பேபிஸ் டே அவுட்' அதே ஆண்டு ஜூலையில்தான் வெளிவந்திருந்தது. ஜூலையில் எஃப்.பி.ஐ. அதிகாரி, நவம்பரில் செனட்டர்.

இங்கேதான் மாமாவின் வாக்கியத்தை நான் தலைகீழாகத் திருப்ப ஆசைப்படுகிறேன். தாம்சன் வாழ்க்கையில் வேஷம் என்று ஏதாவது உண்டென்றால் அது அந்த லாரி. சினிமாவில் அவர் போட்ட சீருடைகள் எதிலும் அவர் தன்னை வேறொருவராகக் காட்டிக்கொள்ளவில்லை. அதே நடை, அதே தெற்கத்தி உச்சரிப்பு, அதே நிதானம். அட்மிரலாக வந்தாலும் வக்கீலாக வந்தாலும் ஒரே மனிதர். இது நடிப்பே இல்லை என்று சில விமர்சகர்கள் குறை சொல்வதுண்டு, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கேமரா முன் தானாக இருப்பது எளிதென்று நினைப்பவர்கள், ஒருமுறை கல்யாண வீடியோக்காரர் முன் இயல்பாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பிரச்சாரத்துக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. வாக்காளர்கள் அவர் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ அப்படி ஆக வேண்டியிருந்தது. அந்த லாரியை வெறும் மோசடி என்றும் ஒதுக்கிவிட முடியாது. லாரன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவருக்கு ஜீன்ஸும் பூட்ஸும் அந்நியமில்லை. ஆனாலும் அது தேர்ந்தெடுத்து, வாடகை கொடுத்து, வெளிச்சம் படும் இடத்தில் நிறுத்தப்பட்ட உண்மை.

செனட்டில் அவர் மோசமில்லை. பெரிய சாதனையாளர் என்றும் சொல்ல மாட்டேன். 1996இல் மறுபடி ஜெயித்தார். 1997இல் தேர்தல் நிதி முறைகேடுகள் பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், அது இரண்டு கட்சிகளின் இழுபறியில் பிசுபிசுத்தது. ஜனாதிபதி கிளின்டன் மீதான பதவிநீக்க விசாரணையில், பொய்ச் சாட்சியம் என்ற குற்றச்சாட்டில் சொந்தக் கட்சியை மீறிக் குற்றமில்லை என்று வாக்களித்தார், நீதிக்குத் தடை போட்டது என்ற குற்றச்சாட்டில் குற்றம்தான் என்றார். இரண்டு குற்றச்சாட்டுகளையும் தனித்தனியாகப் படித்துப் பார்த்த ஒரு வக்கீலின் வாக்கு அது. அதற்காக அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த அவையின் அன்றாடம் அவரைக் களைப்பாக்கியது. ஒன்றுமில்லாத தீர்மானங்களுக்கு ஓட்டுப் போட ஒரு நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் கிடப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

### 2002 மார்ச்

என் மனம் எப்போதும் வந்து நிற்கும் இடம் இது. 2001 செப்டம்பர் 11க்கு முன்பு, அவர் மறுபடி நிற்பாரா என்பது சந்தேகமாகவே இருந்தது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, நாடு இப்படி இருக்கும்போது விலகுவது சரியில்லை, மறுபடி நிற்கிறேன் என்று அறிவித்தார். ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2002 ஜனவரி இறுதியில் அவருடைய மகள் இறந்துபோனார். வயது முப்பத்தெட்டு. மார்ச் மாதம் அவர் முடிவை மாற்றிக்கொண்டார். இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு என்னிடம் மனம் இல்லை என்று சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை, கட்சி நலன், குடும்பத்தோடு நேரம் என்றெல்லாம் வழக்கமான சால்வையைப் போர்த்தவில்லை. எனக்கு மனம் இல்லை. அரசியலை விட்டு விலகியவர்கள் கொடுத்த அறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறோம். இவ்வளவு நேராக ஒரு வரி அதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படிச் சொன்ன மனிதர் எங்கே போயிருக்க வேண்டும்? வீட்டுக்கு. பண்ணைக்கு. அல்லது பெரிய சம்பளத்தில் ஏதாவது கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு. ஆனால் சில மாதங்களில் 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் நியூயார்க் மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் ஆர்தர் பிராஞ்ச் வேடத்துக்கு ஒப்புக்கொண்டார். செனட்டுக்கு ஆகஸ்ட் விடுமுறை விட்டபோது படப்பிடிப்புக்குப் போனார். அவர் இன்னும் செனட்டராக இருக்கும்போதே, 2002 இலையுதிர் காலத்தில் முதல் எபிசோட் ஒளிபரப்பானது. பதவியில் இருந்துகொண்டே தொலைக்காட்சித் தொடரில் நிரந்தர வேடம் ஏற்ற செனட்டர் அவருக்கு முன் யாரும் இல்லை. இதைப் பலர் கேலி செய்தார்கள். மனம் இல்லை என்றவருக்கு மேக்கப் போட மட்டும் மனம் வந்ததா என்று கேட்டார்கள்.

நான் இதை வெகுநாள் யோசித்தேன். எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெரியப்பா, மகன் இறந்த பிறகு ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சு, கோயில் கமிட்டி எல்லாவற்றையும் விட்டார். ஆனால் ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதை மட்டும் விடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். துக்கத்தில் இருப்பவரால் எல்லாவற்றையும் விட முடியாது, எல்லாவற்றையும் சுமக்கவும் முடியாது. ஆரம்பமும் முடிவும் உள்ள வேலை, இன்றைக்கு இவ்வளவுதான் என்று எல்லை உள்ள வேலை அவருக்குத் தாங்கும். செனட் என்பது முடிவே இல்லாத வேலை. ஒரு காட்சி அப்படியில்லை, எடுத்து முடிந்தால் முடிந்தது. வசனம் எழுதித் தந்திருக்கிறார்கள், எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் குறி போட்டிருக்கிறார்கள். எதிரே சாம் வாட்டர்ஸ்டன் மாதிரி ஒரு நல்ல நடிகர். மற்றவர் சொல்வதைக் கேட்டால் போதும். அது தாம்சனுக்கு முப்பது வயதிலிருந்தே கைவந்த வேலை. இது என் ஊகம்தான், அவர் எங்கும் இப்படிச் சொன்னதாக நான் காட்ட முடியாது. ஆனால் அந்தத் தொடரில் அவரைப் பார்த்தவர்களுக்கு, இது பொழுதுபோக்குக்கு வந்த அரசியல்வாதி இல்லை என்பது புரிந்திருக்கும்.

பிராஞ்ச் வரும் காட்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு எபிசோடில் இரண்டு மூன்று நிமிடம். வழக்கில் சிக்கல். வாட்டர்ஸ்டன் நடிக்கும் வழக்கறிஞர் மெக்காயும் உதவி வழக்கறிஞரும் அவர் அறைக்குள் வருகிறார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார், அல்லது வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டிருப்பார். இவர்கள் ஆவேசமாகச் சொல்வதைக் கேட்பார். சட்டம் என்ன சொல்கிறது, ஜூரி என்ன நினைப்பார்கள், ஊர் என்ன பேசும் என்ற மூன்றையும் மனதில் வைத்துத்தான் பேசுவார். கன்சர்வேடிவ் மனிதர், மெக்காயோடு பல விஷயங்களில் ஒத்துப்போக மாட்டார். ஆனால் வாதத்தில் தோற்றால் ஒப்புக்கொண்டு, சரி போ, ஆனால் கவனமாக இரு என்று விட்டுவிடுவார். ஓட்டு வாங்கி அந்த நாற்காலிக்கு வந்த ஒருவர், தன் கீழ் உள்ளவர்களுக்காக எப்போது கழுத்தை நீட்டலாம், எப்போது கூடாது என்று கணக்குப் போடுவதை அவர் கண்ணில் பார்க்கலாம். வேறொரு நல்ல நடிகர் இதை யூகித்து நடித்திருப்பார். தாம்சன் யூகிக்கத் தேவையில்லை, எட்டு ஆண்டுகள் ஓட்டுக் கணக்கோடு வாழ்ந்தவர்.

2005இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொடரில் அரசு வழக்கறிஞராக நடித்துக்கொண்டிருந்தபோதே, உச்ச நீதிமன்றத்துக்கு ஜான் ராபர்ட்ஸை நியமித்த ஜனாதிபதி புஷ், அவரை செனட் ஒப்புதலுக்கு வழிநடத்திக் கொண்டுபோகும் பொறுப்பைத் தாம்சனிடம் கொடுத்தார். ஒவ்வொரு செனட்டரின் அறைக்கும் ராபர்ட்ஸைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். திரையில் கற்பனை வழக்குகள், வாஷிங்டனில் நிஜமான தலைமை நீதிபதி. இரண்டிலும் அவர் செய்த காரியம் ஒன்றே: இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதிரே இருப்பவர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே சொல்லித் தருவது.

### கை தூக்காதவர்

அப்புறம் 2007. குடியரசுக் கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளராக அவரை இழுக்க ஒரு கூட்டம் சேர்ந்தது. டிவியில் வாராவாரம் பார்க்கும் அந்த அமைதியான, நம்பத் தகுந்த மனிதர் நாட்டை ஆண்டால் என்ன என்ற ஆசை. அவர் தொடரை விட்டார். செப்டம்பரில் ஜே லீனோவின் இரவு நேர டிவி பேட்டி நிகழ்ச்சியில், மற்ற வேட்பாளர்கள் நியூ ஹாம்ப்ஷையரில் விவாதித்துக்கொண்டிருந்த அதே இரவில், போட்டியை அறிவித்தார். வேட்பாளர்களுக்குச் சம நேரம் தர வேண்டும் என்ற ஒளிபரப்பு விதியால், அவர் வரும் பழைய எபிசோடுகளை, தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. தொலைக்காட்சி மறுஒளிபரப்பாமல் நிறுத்தி வைத்தது. மக்களை அவர்பால் இழுத்ததே அந்த எபிசோடுகள்தான் என்பதை நினைத்தால், அவருடைய சிறந்த பிரச்சாரம் அன்றே நின்றுபோனது என்று எனக்குத் தோன்றும்.

பிறகு வந்தவர் மக்கள் எதிர்பார்த்தவர் இல்லை. சோர்வு, ஆர்வமின்மை, மெத்தனம் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். அந்த ஒல்லியான பிரச்சாரத்தில் ஒரே ஒரு தருணம் எல்லோர் நினைவிலும் நின்றது. டிசம்பரில் அயோவாவில் ஒரு விவாதம். பருவநிலை மாற்றம் மனிதர்களால் வருவது என்று நம்புபவர்கள் கை தூக்குங்கள் என்கிறார் நெறியாளர். இன்றைக்கு நான் கை தூக்குவதாக இல்லை என்கிறார் தாம்சன். பதில் சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்கிறார். முடியாது என்கிறார் நெறியாளர். அப்படியானால் நான் பதில் சொல்லப் போவதில்லை. அரங்கம் கைதட்டியது. அந்த விஷயத்தில் அவர் கருத்து எனக்கு உடன்பாடானது இல்லை. ஆனால் அந்த மறுப்பில் நான் பார்ப்பது ஆர்தர் பிராஞ்சை, அதற்கும் பின்னால் 1973இன் இளம் வக்கீலை. கேள்வியை ஒழுங்காகக் கேள், பதிலுக்கு இடம் கொடு. ஒரு தேர்தல் அதைக் கொடுப்பதில்லை. காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர், தீயணைப்பு நிலையத்தில் ஒரு தொப்பி, ஒவ்வொரு இடத்திலும் உங்களைப் பார்க்கத்தான் நான் பிறந்தேன் என்ற உற்சாகம். அந்த உற்சாகத்தை அவரால் வரவழைக்க முடியவில்லை. 2008 ஜனவரியில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கத் தென் கரோலினாவில் நடந்த வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த சில நாட்களில் விலகிக்கொண்டார்.

இவரா நடிகர்? மாமாவின் கணக்குப்படி நடிக்கத் தெரிந்தவர்தானே அங்கே ஜெயித்திருக்க வேண்டும்? ஆசை இல்லாதபோது ஆசை இருப்பதாகக் காட்டத் தெரியாமல் தோற்றார் என்றுதான் நான் நினைக்கிறேன். 1994இல் லாரியில் ஏறியவரால் 2007இல் அது முடியவில்லை. வயது, 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய், மகளின் மறைவு, இவையெல்லாம் சேர்ந்திருக்கலாம். குணச்சித்திர நடிகராகக் கழித்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்பேன். தேவையானபோது மட்டும் அறைக்குள் வந்து, தேவையானதை மட்டும் சொல்லிப் பழகிய மனிதருக்கு, படம் முழுக்கத் தன்னையே காட்டிக்கொண்டிருக்க வேண்டிய கதாநாயக வேடம் பொருந்தவில்லை. வேட்பாளர் என்பது கதாநாயக வேடம்.

கடைசி ஆண்டுகளில் ஒன்று எனக்கு வருத்தம் தரும். வயதானவர்கள் வீட்டை வைத்துக் கடன் வாங்கும் ஒரு திட்டத்துக்கு அவர் டிவி விளம்பரத்தில் வந்தார். அதே குரல், அதே நிதானம். சட்டப்படி தவறில்லை. ஆனால் அந்த முகத்தை நம்பி எத்தனை முதியவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்ற நினைப்பு வரும்போது, அந்த முகத்துக்கு எழுத்தாளரும் இயக்குநரும் இருந்த நாட்களே மேல் என்று தோன்றும். அங்கே அந்த நம்பிக்கை ஒரு கதைக்குப் பயன்பட்டது, பார்த்து முடித்த யாரும் வீட்டை அடகு வைக்கத் தேவைப்படவில்லை.

2015 நவம்பர் 1 அன்று நாஷ்வில்லில் காலமானார், வயது 73. கடைசிக் காலத்து வேடங்களில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், 2012இல் வந்த 'சினிஸ்டர்' என்ற பேய்ப் படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். கொலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஈதன் ஹாக் குடும்பத்தோடு ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார். சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் வந்து நிற்கிறார், அவர்தான் தாம்சன். உன் புத்தகங்களைப் படித்திருக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை, இந்த ஊரைவிட்டுப் போய்விடு என்பதை மரியாதை குறையாமல் சொல்கிறார். மிரட்டலும் அக்கறையும் ஒரே குரலில் வருகின்றன. அதன் பிறகு படம் முழுக்க என்னென்னவோ பயமுறுத்தல்கள் வந்து போகும். அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்தது அந்த ஷெரீஃப் சொன்னபோதுதான்.